பூமணியின் முறை

முதல் கொப்பி தில்லைநாதனுடையது. “எங்கள் காளை வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வசனத்தை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது கொப்பியைத் திறந்தேன். அங்கேயும் காளை வாய்க்காலுக்குள் விழுந்திருந்தது. சரி, வழுக்குகிற வாய்க்கால், இரண்டு வீட்டுக் காளைகள் விழுந்திருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாவதிலும் விழுந்தது. நாலாவதிலும் விழுந்தது. எல்லாக் காளையும் ஒரே நிறம். எல்லாவற்றுக்கும் பின்னங்கால் ஒன்றில்தான் காயம். எல்லார் வீட்டு அப்பாவும் வேப்பெண்ணெய்தான் பூசினார். தூக்கி எடுக்கும்போது எல்லார் வீட்டுக் கயிறும் ஒரு தரம் அறுந்தது.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போயிருந்தார்கள். கிடுகுக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூடு இன்னும் அடங்கவில்லை. சிவப்பு மைப் பேனையை மூடி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அரைச்சுவருக்கு அப்பால் மயில் ஒன்று விடாமல் அகவியது. அதுவும் என்னைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று பட்டது.

நான் பட்ட பாடு

இந்த ஒரு காளைக்காக நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் என் எரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, வட்டக்கச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு ஆங்கில ஆசிரியையாகப் போன கதையை முந்திய வாரங்களில் எழுதியிருந்தேன். அதைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு போதும். காட்டை வெட்டி, குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து, காணி கொடுத்து ஆட்களை இருத்திய காலம். வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வயது இருபத்தைந்துக்குக் கிட்ட. கோபம் மூக்கு நுனியில்.

எங்கள் பாடப்புத்தகம் எந்தக் குளிர்தேசத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டதோ தெரியாது. அதில் எப்போதும் பனி பொழியும். வீட்டு நடுவில் விறகு எரியும். குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்து கதை வாசிக்கும். குசினிக்குள் அவ்வளவு பேரும் எப்படி இருப்பார்கள், சமைக்கிறவ எங்கே நிற்பா என்று பூமணி எழும்பிக் கேட்டாள்.

பனியை விளங்கப்படுத்துவதற்கு ஐஸ் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஸ்டேஷனுக்கு லொறியில் போகிற காதர் நானாவைச் சந்தியில் மறித்துக் கேட்டேன். அவர் முதலில் யாருக்கோ காய்ச்சல் என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும், பெட்டியைத் திறந்து மரத்தூளுக்குள்ளிருந்து பெரிய கட்டியொன்றை எடுத்துச் சாக்கில் சுற்றித் தந்தார். சைக்கிளில் வைத்து மிதித்து வந்து சேரும்போது அது ஒரு தேங்காய் அளவாகிவிட்டது. மேசையில் வைத்து, இதுபோல வானத்திலிருந்து விழும் என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் அதை உடைத்து வாயில் போட்டுவிட்டார்கள். குளிர்தேசத்தில் வானத்திலிருந்து மீன் வெடில் அடிக்கிற கல் விழும் என்பதே அன்றைய பாடத்தின் பயன்.

இதற்கிடையில் எங்கள் தலைமையாசிரியர். எல்லாரும் பெரிய வாத்தியார் என்போம். திங்கட்கிழமை காலை பாடக்குறிப்புக் கொப்பி அவருடைய மேசையில் இருக்க வேண்டும். நோக்கம், உபகரணம், படிமுறை, மதிப்பீடு என்று கோடு கிழித்து எழுதியிருக்க வேண்டும். கோடு வளைந்தால் கையெழுத்து வைக்கமாட்டார். நான் உபகரணம் என்ற இடத்தில் ஐஸ் என்று எழுதியதற்கு அவர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பிள்ளைகளுக்கு மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கக் கொடுத்தால் போதும், இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்பது அவருடைய கட்சி. அவருடைய காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் சோதினை பாஸ் பண்ணினார்களாம்.

அந்த மாதிரிக் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. கடலையே காணாத பிள்ளை கப்பற்பயணத்தைப் பற்றி எழுதும். ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இனி உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள் என்று சொன்னேன். அதற்காகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கிழமை முழுவதும் ஆயத்தம் செய்தேன். முதலில் தமிழில் சொல்ல வைத்தேன். ஒருத்தன் வாழைத்தோட்டத்துக்குள் யானை வந்ததைச் சொன்னான். இன்னொருத்தி கோழிக்கூட்டுக்குள் மலைப்பாம்பு படுத்திருந்ததைச் சொன்னாள். வேண்டிய ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டேன். யானையும் பாம்பும் வெள்ளமும் எல்லாம் அங்கே இருந்தன.

பிறகு எழுதச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ஒரே காளையை எழுதிக்கொண்டு வந்தது.

ஆற்ற காளை?

அடுத்த நாள் காலை எல்லாரையும் எழும்பி நிற்கச் சொன்னேன். யார் யாரைப் பார்த்து எழுதினது என்று கேட்டேன். ஒருவரும் பயந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பார்த்து எழுதின பிள்ளை முழிக்க வேண்டாமா? இவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“ஆற்ற காளை இது?” என்றேன், சொந்தக்காரன் யாரென்று பிடித்துவிடுகிற எண்ணத்தில்.

“எங்கட, ரீச்சர்,” என்றான் தில்லைநாதன்.

“அப்ப மற்ற ஆக்களின்ர வீட்டில ஒண்டும் நடக்கேல்லையோ?”

பூமணிதான் பதில் சொன்னாள். “இந்தக் கிழமை தில்லைநாதன் வீட்டு முறை, ரீச்சர். வாற கிழமை எங்கட வீட்டு முறை.”

எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் குடியேற்றத்தில் வயல்வேலை நடப்பது அப்படித்தான். நெல் விளைந்து அரிவு வெட்டு வந்தால் கூலிக்கு ஆள் பிடிக்க ஒருவரிடமும் வசதியில்லை. அதனால் எல்லாரும் சேர்ந்து முதலில் ஒருவருடைய வயலில் இறங்குவார்கள், பிறகு அடுத்தவருடைய வயலில். தண்ணீர் முதலில் பாய்ந்த வயல் முதலில் விளையும் என்பதால், வாய்க்கால் ஓடுகிற வரிசையில் முறை போகும். இன்றைக்கு நீ எனக்கு இறங்கினால் நாளைக்கு நான் உனக்கு இறங்க வேண்டும். இறங்காதவனுடைய வயலை அடுத்த போகத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

பிள்ளைகள் என் கட்டுரையையும் அந்த வரிசையில் போட்டுவிட்டார்கள். வாய்க்கால் தலைப்பில் தில்லைநாதன் வீடு. அடுத்தது பூமணி வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் மருதமரத்தின் கீழே எல்லாரும் கூடி, ஒருத்தருடைய கதையை எழுதி முடித்துவிட்டு எழும்புவார்களாம். எழுத்துப் பிழை பார்க்க ஒருத்தன், இறந்தகால வினைக்கு ஒருத்தி. வசனத்தோடு வசனத்தைக் கோப்பது பூமணியின் வேலை. இவ்வளவு ஒழுங்காக ஆயத்தம் செய்து பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இது வயல் இல்லை, கட்டுரை, அவரவர் தனித்தனியாக எழுத வேண்டும் என்றேன். இனி மருதமரத்தின் கீழே ஒருவரையும் காணக் கூடாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சோதினை மண்டபத்தில் மருதமரம் இல்லை.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். பூமணி மட்டும் நின்றபடியே இருந்தாள். “எங்கட முறை வரேல்லை, ரீச்சர்,” என்றாள். இருக்கச் சொன்னேன்.

ஓம் சொல்கிற மனிதர்

பூமணிக்கு ஏன் அவசரம் என்பது எனக்குத் தெரியும். அந்த அரிவு வெட்டோடு அவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்து வீட்டில் வைக்கப் போகிறார்கள் என்று ஓவசியரின் மனைவி எனக்குச் சொல்லியிருந்தா. வீட்டில் மூத்தவள். கீழே வரிசையாகத் தம்பிமார். தாய்க்குத் தொய்வு வருத்தம், பனிக்காலத்தில் மூச்சு இழுத்துப் படுத்த படுக்கை. இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் எஸ்.எஸ்.சி. எழுதலாம். ஆங்கிலமும் பாஸ் என்றால் நேர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். அந்த வகுப்பில் ஆங்கிலம் பாஸ் பண்ணக்கூடியவள் என்று நான் நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய பிள்ளை அவள் ஒருத்திதான்.

அவளுடைய தகப்பனார் கந்தையாவிடம் நேரில் போய்க் கதைத்தேன். கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. பிள்ளை கெட்டிக்காரி என்றேன். ஓம் என்றார். ஒரு வருடம்தானே என்றேன். ஓம் என்றார். பெண்பிள்ளைக்கும் ஒரு உத்தியோகம் வேண்டும் என்றேன். அதற்கும் ஓம். நான் வெற்றியோடு எழும்பினேன். படலை வரை கூட வந்து, மிகவும் மரியாதையாக, “அப்ப அரிவு வெட்டு வரைக்கும் அனுப்புறன், ரீச்சர்,” என்றார்.

மறுத்துக் கதைக்கிற மனிதரோடு சண்டை பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவரை என்ன செய்வது? இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்ததுதான் மிச்சம்.

தனித்தனி வாங்கு

தனித்தனியாக எழுத வைத்த கதையைக் கேளுங்கள். வாங்குகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சுவரைப் பார்த்து இருத்தினேன். பாடநேரம் முடிந்தபோது தில்லைநாதனின் கொப்பியில் தலைப்பும் அதன் கீழே கோடும் இருந்தன. கோடு நேராக இருந்தது. எழுத்துப் பிழை பார்க்கிறவன் பிழையில்லாமல் மூன்று வசனம் எழுதியிருந்தான், மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இறந்தகாலத்துக்காரி வினைகளை மட்டும் வரிசையாக எழுதியிருந்தாள். பூமணி வெறும் தாளைக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, கோப்பதற்கு வசனம் இல்லை என்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தானா வித்தியாதரிசி வர வேண்டும்? பள்ளிக்கூடத்தைச் சோதிக்க அடுத்த மாதம் வருகிறார் என்று தகவல் வந்தது. பெரிய வாத்தியார் உடனே என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையை எழுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கக் கொடுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் பிள்ளைகள் அவரவர் வீட்டில் நடந்ததை அவரவர் சொந்தமாக எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன வாய்க்கு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்தானே.

அதன்பிறகு நான் ஆயத்தம் செய்யாத நாளில்லை. நடந்ததைச் சொல்வது, பார்த்ததைச் சொல்வது, மணத்தைச் சொல்வது, ஒருவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என்று ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பாடம். பெரிய விஷயம் வேண்டாம், அந்த நேரம் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்று எழுதினால் போதும் என்று தொண்டை வறளச் சொன்னேன். பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. பின்னேரங்களில் எல்லாரும் குளக்கட்டுப் பக்கம் போவதைக் கண்டேன். குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். குளிக்கப் போகிறவர்கள் கொப்பியோடு ஏன் போகிறார்கள் என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

வித்தியாதரிசி வந்த அன்று

வயல்கள் மஞ்சளாகிவிட்ட நேரம் அவர் வந்தார். வாசலில் தோரணம். பெற்றார் சார்பில் நாலைந்து பேர் வேட்டி சால்வையோடு நின்றார்கள். அவர்களில் கந்தையாவும் ஒருவர். இளநீர் வெட்டிக் கொடுக்கிற பொறுப்பு அவருடையது. எங்கள் வகுப்பு அரைச்சுவருக்கு வெளியே, நிழலில் இளநீர்க் குலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கையில் கத்தியோடு குந்தியிருந்தார்.

வித்தியாதரிசி பாடக்குறிப்பைப் பார்த்தார். கரும்பலகையில் ‘எங்கள் வீட்டில் நடந்தது’ என்ற தலைப்பைப் பார்த்தார். எழுதட்டும் என்றார். வாங்குகள் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. நான் ஒரு மூலையில் நின்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பேனைகள் நிற்காமல் ஓடின. வெறும் தாள் கொடுத்த கைகளா இவை என்று நினைத்தேன். பெரிய வாத்தியாரைக் கொஞ்சம் கர்வத்தோடு பார்த்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

நேரம் முடிந்ததும் அவர் முதல் தாளை எடுத்தார். தில்லைநாதனுடையது. மேலுதட்டில் மீசை அரும்பிய பொடியன். வித்தியாதரிசி தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த வகுப்பில் ஆம்பிளைப் பிள்ளைகள் ஒருவரும் இல்லையோ என்று என்னிடம் கேட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். “நான் வீட்டில் மூத்த பெண்” என்று தொடங்கியிருந்தது. தில்லைநாதன் மூத்த பெண். எழுத்துப் பிழை பார்க்கிறவன் மூத்த பெண். கடைசி வாங்கில் தூங்குகிறவன்கூட மூத்த பெண்.

வித்தியாதரிசிக்குக் கோபம் வந்துவிட்டது. எழும்பி நின்று, வகுப்புக்கு மட்டுமல்ல, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாக, அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

“நான் வீட்டில் மூத்த பெண். அம்மாவுக்குச் சுகமில்லை. அரிவு வெட்டு முடிந்த பிறகு நான் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு என்னில் கோபம் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் ஓம் என்று சொன்னேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன், ஏனென்றால் அது யாரிடமும் சொல்லாது.”

வெளியே இளநீர் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

இது யாருடைய கதை என்று வித்தியாதரிசி கேட்டார். பூமணியை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். எங்கட, சேர், என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பெரிய வாத்தியாரின் முகம் கறுத்துவிட்டது. இந்த வகுப்பு முழுவதும் பார்த்து எழுதுகிறது என்று பள்ளிக்கூடத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, இளநீரும் குடிக்காமல் வித்தியாதரிசி புறப்பட்டுப் போனார். வாசல் வரை போன பெரிய வாத்தியார் திரும்பி வந்து, தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தால் இந்த வெட்கக்கேடு வந்திருக்குமோ என்று என்னைக் கேட்டார். என் காலடி நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பிள்ளைகளை ஏசக்கூட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னேன். போய்விட்டார்கள். பூமணி என்னை நிமிர்ந்து பார்க்காமல் போனாள். கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அரைச்சுவருக்கு அப்பால் கந்தையா வந்து நின்றார். கத்தியைச் சால்வையில் சுற்றியிருந்தார்.

“அதை எங்கட பிள்ளை மட்டுமோ எழுதினது, ரீச்சர்?”

எல்லாரும்தான் என்றேன். தில்லைநாதனும் எழுதினவனோ என்று கேட்டார். அவன்தான் முதலில் கொடுத்தவன் என்றேன். வாய்க்கால் வரிசையில் ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமென்று தலையாட்டினேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

“அப்ப எல்லாரும் அவளுக்கு இறங்கிப்போட்டினம்,” என்றார். “முறை எடுத்தவள் திருப்பிக் குடுக்க வேணும். இதுக்குள்ள நான் மறிச்சனெண்டால், வாற போகம் என்ர வயலுக்கு ஆர் வருவினம்?”

இது வயல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இது பார்த்தெழுதுகிற கள்ளத்தனம், இதை நான் தடுத்து வைத்திருக்கிறேன், அவள் ஒருவருக்கும் ஒன்றும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல வேண்டியவள் நான். ஆசிரியை என்றால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

“எல்லாருக்கும் திருப்பிக் குடுத்து முடிக்க எவ்வளவு காலம் செல்லும், ரீச்சர்?”

இடாப்பைத் திறந்து பேர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒவ்வொரு கிழமையும் ஒருத்தர் வீட்டுக் கதை, வகுப்பு முழுவதும் அதே கதை, அவ்வளவையும் சிவப்பு மையால் திருத்தப் போகிறவள் நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கிழமைக்கு ஒருத்தர்,” என்றேன். “சோதினை வரைக்கும் செல்லும்.”

“அப்ப சோதினை வரைக்கும் வரட்டும்,” என்று சொல்லிவிட்டு, மிச்ச இளநீரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.